களிக்கோல்

என்னை வளர்த்த சின்னம்மா அடிப்பதற்குக் களி கிண்டும் கோலைத்தான் எடுப்பாள். களி கட்டிபட்டால் முதுகில் ஒன்று, அடிப்பிடித்தால் இரண்டு. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

1950களில் தேன்கனிக்கோட்டைக்கு மருமகளாகப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் நாளே களி கிண்டச் சொன்னார்கள். பயத்தில், தண்ணீர் கொதிக்கும் முன்பே ராகி மாவு முழுவதையும் கொட்டிவிட்டேன். களி கட்டி கட்டியாகிவிட்டது.

மாமியார் வந்து பானையை எட்டிப் பார்த்தார். கோலை உருவித் தூக்கினார். நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அடுப்படியிலேயே குந்திவிட்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, கோலில் ஒட்டியிருந்த களியின்மேல் அவர் வெல்லத்தைத் தூவிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா குந்திக்கினே? கோல்ல ஒட்டுனது கிண்டுனவளுக்குத்தான். எங்கூட்டு வழக்கம் அது. இந்தா, சூடா தின்னு.”

“கட்டியாப் போச்சுங்களே, அத்தை.”

“கட்டியாப் போனா இன்னும் நெறைய ஒட்டும். உனக்குத்தானே லாபம்!” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய் கொள்ளாமல் தின்றேன்.

மறுநாளும் தண்ணீர் கொதிக்கும் முன்பே மாவைக் கொட்டினேன், வேண்டுமென்றே.