என் வீட்டில் ஒரு ஜப்பான் மெக்கானிக்

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஆறரை மணிக்கு ஒரு ஜப்பான்காரர் கார் ரிப்பேர் செய்கிறார். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஸ்பேனர் சத்தம் கேட்கும். மகள் சிந்து சுவரில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "வந்துட்டியாப்பா" என்பாள், கண் மட்டும் திரையை விட்டு நகராது. அங்கே தலையில் வெள்ளைத் துண்டு கட்டிய ஒரு மனிதர் பானெட்டுக்குள் குனிந்திருப்பார். அவர் உயிருள்ள ஆள் அல்ல, வரைந்த படம். அனிமே என்கிறார்கள், ஜப்பானில் செய்கிற கார்ட்டூன் தொடர். போலீசுக்குத் தெரியாமல் பொதுச் சாலையில் கார் பந்தயம் விடுகிற இளைஞர்களின் கதை. அவர் அதில் கதாநாயகன்கூட இல்லை. பந்தயத்துக்கு முன்னால் வண்டியைச் சரி செய்து கொடுத்துவிட்டு, பந்தயம் நடக்கும்போது ஷெட்டில் தனியாக டீ குடிக்கிற ஆள். அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. எல்லோரும் ஓஜிசான் என்று கூப்பிடுகிறார்கள். மாமா என்கிற மாதிரி ஒரு சொல்லாம்.

இந்த மாமா மேல் எனக்குப் பொறாமை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். நானும் மெக்கானிக். மைசூரில் பன்னிமண்டபம் பக்கம் ஒரு கார் கேரேஜில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நானும் அதிகம் பேசாதவன். சிந்து சிறு பிள்ளையாக இருந்தபோது பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், டீச்சர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவேன். வெளியே வந்ததும், "நீ ஏதாச்சும் பேசேன்ப்பா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று சிணுங்குவாள். அதே பெண் இப்போது ஓஜிசானைப் பற்றிச் சொல்கிறாள்: "அவர் பேசவே மாட்டாரு, அதான் அவரு கெத்து." நான் வாயை மூடியிருந்தால் அவளுக்கு அவமானம்; அவர் மூடியிருந்தால் கெத்து. அவர் படத்தை வேறு அச்செடுத்துப் படிக்கிற மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். எங்கள் வீட்டில் வேறெங்கும் மனிதர் படம் கிடையாது.

"ஏனுங்க, அந்த ஜப்பான்காரன் உங்களை என்ன பண்ணுனான்? அவன் வந்தா மூஞ்சியத் திருப்பிக்கறீங்க" என்று என் மனைவி சாந்தா சிரித்தாள்.

"சத்தம் சாஸ்தியா இருக்குது, அதான்" என்றேன்.

"ஆமாங்க, உங்க வயிறு எரியற சத்தந்தான் கேக்குது."

என் ஊரான சத்தியமங்கலத்திலிருந்து இதைப் படிப்பவர்கள், மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனதெல்லாம் ஒரு புலப்பெயர்வா என்று கேட்கலாம். துபாய்க்கும் கனடாவுக்கும் போனவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிக்கலாம். ஆனால் கடல் தாண்டினால்தான் மொழி மாறும் என்றில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்று, வயல்காட்டு வேலை செய்து, பதினெட்டு வயதில் மைசூர் வந்தேன். அதுவரை ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. தொழில் முழுவதையும் இங்கேதான் கற்றேன், கன்னடத்தில். என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் நஞ்சன்கூடு, சாமராஜநகர் பக்கத்து ஆட்கள். அவர்கள் திட்டியதும் கன்னடத்தில், வண்டியின் நோயைச் சொன்னதும் கன்னடத்தில். என்ஜினைப் பற்றி யோசித்தால் இன்றும் எனக்குள் கன்னடம்தான் ஓடும்.

கல்யாணமாகிப் பெண் பிறந்ததும் ஒரு பயம் வந்தது. தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் அவளுக்கு விருந்தாளி பாஷை ஆகிவிடுமோ என்று. அதனால் வீட்டுக்குள் தமிழ் மட்டும்தான் என்று ஒரு சட்டம் போட்டேன். கன்னடச் சொல் ஒன்று விழுந்தால் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லும்வரை சோறு போட விடமாட்டேன். "கேரேஜ்ல நீ மட்டும் நாள் பூரா கன்னடம் பேசலாமா?" என்று எட்டு வயதிலேயே மடக்கினாள். "அது கேரேஜு, இது வீடு" என்றேன். அதே மாதிரி கேரேஜையும் வீட்டுக்குள் விடவில்லை. கையை டீசலில் கழுவி, மரத்தூளும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்து, சட்டையை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். பெண் பிள்ளைக்குக் கிரீஸ் நாற்றம் எதற்கு என்று அவளை ஒருநாளும் கேரேஜுக்கு வரவிட்டதில்லை. நான் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

அந்தச் சிந்துதான் பத்தாவது முடித்ததும் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கப் போகிறேன் என்றாள். எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "உன் இஷ்டம் சாமி" என்றேன். கல்லூரிச் சேர்க்கைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கூடவே போனேன். அங்கிருந்த வயதான ஆசிரியர் விண்ணப்பத்தில் என் தொழிலைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"அப்பன்ன நோடி பந்த ஆசேனம்மா?" என்று கேட்டார். அப்பாவைப் பார்த்து வந்த ஆசையா என்று.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இல்லா சார். ஒந்து அனிமே நோடி" என்றாள் என் மகள். ஓர் அனிமேயைப் பார்த்து வந்த ஆசை என்று.

ஆசிரியருக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "அனிமே? அது யாவ் கேரேஜு? ஹெப்பாள் கடேதா?" என்றார். ஹெப்பாள் பக்கத்து கேரேஜ் ஒன்றின் பெயர் என்று நினைத்துவிட்டார். "ஹௌது சார்" என்றேன், ஆமாம் என்று. "ஒள்ளேது, ஒள்ளேது", நல்லது நல்லது என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து சிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஒரே தொழிலைச் சோறு போடுகிற தொழிலாக நான் செய்ய, அதை ஆசைப்படுகிற தொழிலாக அவள் கண்ணுக்குக் காட்டியது யாரோ வரைந்த ஆள். வீடு வரும்வரை எனக்கு அதே நினைப்புதான்.

அன்று மாலையிலிருந்து அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். மகளுக்கு ஒரே சந்தோஷம், "அப்பாவும் பார்க்குது!" என்று தலையணை எடுத்துப் போட்டாள். பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஓடும் எழுத்து ஆங்கிலம்; இரண்டும் எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது அவர் கை மட்டும். மூன்றாம் நாள் மாட்டினார். பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்தக் காற்றைச் சக்கரம் சக்கரமாக வெளியேற்ற வேண்டும். பெடலுக்கு மிகத் தூரத்தில் இருக்கிற பின் சக்கரத்தில் ஆரம்பிப்பதுதான் முறை. அவரோ நேராக முன் சக்கரத்தில் ஸ்பேனரை வைத்தார்.

"தப்பு! உங்க ஓஜிசானுக்கு வேலையே தெரியாது" என்று கைதட்டினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முறையைச் சொன்னேன்.

சிந்து படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினாள். கீழே எழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இங்க சொல்றாருப்பா. மத்ததெல்லாம் நேத்தே முடிச்சாச்சு, இந்த ஒரு ஹோஸ் மட்டும் இன்னிக்கு மாத்தினேன்னு."

அப்படியானால் அந்தக் குழாய் போகிற ஒரு சக்கரம் போதும். அவர் செய்தது சரி. படிக்கத் தெரியாதவன் கைதட்டியதுதான் மிச்சம். சாந்தா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள்.

ஆனால் சிந்து சிரிக்கவில்லை. திரையை மூடிவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "தூரமா இருக்கற சக்கரம்தான் ஃபர்ஸ்ட்டுனு சொன்னியே, அது ஏன்ப்பா?"

அவள் பிறந்த நாளிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். விஷயம் கன்னடத்தில் வரிசையாக வந்து நின்றது. தமிழில் தேடினால் 'காத்து', 'குழாய்' என்று இரண்டு சொல் கிடைத்தது, நடுவே ஒன்றுமில்லை. சட்டம் போட்டவன் நானே எப்படி மீறுவது? "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது ஓஜிசான் மறுபடி வேலையில் இருந்தார். எவ்வளவு வாயில்லாத ஆளானாலும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அவர் வேலை செய்கிறார். நான் என் வேலையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அன்று அவர் மேல் பொறாமை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

போன மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். சாந்தா இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டதால் பஸ்ஸில் நானும் சிந்துவும் மட்டும். ஆசனூர் தாண்டி, திம்பம் மலையில் பஸ் இறங்கத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தேழு. ஜன்னலோரம் இருந்தவள் எட்டி டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, டிரைவர் பிரேக்கே ஒத்தல்லா, யாக்கே?" என்றாள். பிரேக்கையே மிதிக்கவில்லையே, ஏன் என்று. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில் திருப்பிச் சொல்லத் தயாரானாள்.

நான் காத்திருக்கவில்லை. "ஒந்தே சமா பிரேக் ஒத்தித்ரெ ட்ரம் காயுத்தெ. காத்ரெ ஹிடியல்லா" என்றேன். தொடர்ந்து மிதித்தால் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் ட்ரம் சூடேறும், சூடேறினால் பிரேக் பிடிக்காது.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பதினாறு வருடத்தில் நான் அவளிடம் பேசிய முதல் கன்னடம் அது.

"ஆமேலே?" என்றாள். அப்புறம்?

அப்புறம் நான் நிறுத்தவில்லை. கியரைக் குறைத்தால் என்ஜினே வண்டியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று சொன்னேன். தூரத்துச் சக்கரத்தை ஏன் முதலில் திறக்க வேண்டும் என்று, அன்று விழுங்கியதையும் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் ஒன்று கேட்டாள். ஏழு வளைவுவரை ஓஜிசான் பெயரை அவள் எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.

முன் இருக்கையில் கூடையோடு இருந்த ஓர் அம்மாள், எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங், கன்னடக்காரங்களாங்க?" என்றார்.

என் சொந்த மலையில், என் ஊர்ப் பேச்சில் என்னிடம் கேட்ட கேள்வி. ஆம் என்பதா, இல்லை என்பதா? வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனேன்.

"எங்கப்பா மெக்கானிக்குங்க" என்றாள் சிந்து.

அந்த அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது, திரும்பிக்கொண்டார். பஸ் அடுத்த வளைவில் சுற்றியது. ஒரு திருப்பத்தில் நாங்கள் இறங்கி வந்த மலை எங்கள் ஜன்னலில் நிறைந்தது, அடுத்த திருப்பத்தில் கீழே பண்ணாரிச் சமவெளி. உட்கார்ந்த இருக்கையை விட்டு நாங்கள் அசையவில்லை, ஜன்னல்தான் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தது.