கண் திறக்காத கல்

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்துவிட்டு, அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டேன். பிறகு மில் பஸ் ஏறினேன். வேடசந்தூர் சாலையில் உள்ள நூற்பாலையில் ஸ்டோர் பொறுப்பு எனக்கு. சனிக்கிழமை அரை நாள்தான். மதியம், பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கியதும், எப்போதும் போல அண்ணனின் கல்லை ஒருமுறை பார்த்தேன். பட்டாளத்துத் தொப்பி, தோளில் துப்பாக்கி, நல்ல மூக்கு, வாய், மீசை எல்லாம் இருக்கின்றன. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் மழமழவென்று இருக்கும்.

அந்தக் கல்லுக்கு இடப்பக்கம் நிற்பது பட்டவன். சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்தவனை எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் கும்பிடுகிறோம். மழையில் கரைந்து, கையில் வாள் இருப்பது மட்டும்தான் இப்போது தெரிகிறது. திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பிடிக்க வந்த ஏதோ ஒரு படை ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனதாகவும், இவன் குறுக்கே நின்றதாகவும் சொல்வார்கள். யாருடைய படை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் அவன் இங்கேதான் விழுந்தான், இங்கேதான் புதைந்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் தாத்தாவின் அண்ணன் பர்மாச் சண்டைக்குப் போய், ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டைக்காலோடு திரும்பினார். விழுந்தவனுக்குக் கல், திரும்பியவனுக்குப் பென்ஷன் என்று ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. என் அண்ணன் அந்த இரண்டிலும் சேராமல் போனான்.

வடக்கு எல்லையில் பனிமலைக் காவலுக்குப் போன அவனுடைய குழுவின் மேல் பனி சரிந்தது. மற்றவர்களின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். இவனுடையது கிடைக்கவில்லை. முதலில் ‘காணவில்லை’ என்றார்கள். சில வருடங்கள் கழித்து ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்துச் சொன்னபோது அண்ணன் மனைவி, என் மதினி, அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “கருதுறவுக கருதட்டும்” என்றார். முறத்தின் தாளம் தவறவில்லை.

அப்போது ஊரார் கூடி, பட்டவனுக்குப் பக்கத்தில் அண்ணனுக்கும் ஒரு கல் நடுவது என்று முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது. “கல்லு இருந்தாத்தானப்பு சோறு வைக்க முடியும். எம்புள்ள பனிக்குள்ள பசியோட கெடக்கான்” என்பாள். மதினி, “கல்ல நட்டுட்டா அவுக வாரதுக்கு வழியேது தம்பி?” என்று என்னிடம்தான் கேட்பார். இருவரும் சண்டைக்காரர்கள் இல்லை. அம்மாவுக்குத் தலை வாரிவிடுவது மதினிதான். மதினிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா சாப்பிட மாட்டாள். இந்த ஒரு பேச்சில் மட்டும் ஒருத்தியின் மகன் பட்டினி கிடக்க வேண்டும், அல்லது இன்னொருத்தியின் புருசன் சாக வேண்டும். நடுவில் நான். ‘அண்ணன் வரட்டும்’ என்று அம்மா முதலில் தள்ளிப்போட்ட என் கல்யாணம், அதன்பின் யாரும் எடுக்காமலே நின்றுபோனது.

கல் தயாரானதும், பார்க்க வேண்டும் என்று மதினி சொன்னார். திண்டுக்கல்லில் மலையடிவாரத்தில் இருந்த கல்பட்டறைக்கு அழைத்துப் போனேன். வெயிலில் கல்லைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மதினி வெகுநேரம் பார்த்துவிட்டு, “அவுகளுக்கு மீசையே கெடையாதே” என்றார்.

சிற்பி உளியைத் துடைத்தபடி, “பட்டாளத்தாருன்னா மீசை இல்லாம எப்படித்தா? பாக்குறவன் பயப்பட வேணாமா?” என்றார்.

மதினி சிரித்தார். அந்த வருடம் நான் பார்த்த ஒரே சிரிப்பு. பிறகு, “கண்ணு எங்க?” என்று கேட்டார். நட்ட பிறகு, பூசை போட்டுக் கடைசியாகத்தான் கண் திறப்பது வழக்கம் என்றார் சிற்பி.

“தெறக்காம விட்டா?”

“வெறுங்கல்லுதான். உசுரு ஏறாது.”

“வெறுங்கல்லாவே இருக்கட்டும் அண்ணாச்சி.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பயந்து பயந்து சொன்னேன். அம்மா யோசித்தாள். “கண்ணு இல்லாட்டிப் போகுது. வாயி இருக்குல்ல? சோறு திங்க வாயி போதும்” என்றாள். அப்படியே நட்டோம். ஒருத்திக்கு மகன் சாப்பிட்டான். ஒருத்திக்குப் புருசன் சாகவில்லை. அமாவாசைதோறும் அம்மா கொல்லையில் தனி அடுப்பு மூட்டிச் சமைத்து, தானே சுமந்து போய்ப் படைத்துவிட்டு வருவாள். அன்றைக்கு மட்டும் மதினி விடியுமுன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போய்விடுவார். அந்தச் சோற்றை அவர் தொட்டதும் இல்லை, தின்றதும் இல்லை. பதினெட்டு வருடமாக எங்கள் வீடு இப்படித்தான் மூச்சு விட்டது.

இந்த மாதம் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். நான் சனிக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தப் பேச்சு தொடங்கிவிட்டிருந்தது.

“நாளைக்கு மாளய அமாவாசை. அவனுக்கு யாரு ஆக்கிப் போடுவா?” என்றாள் அம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

நான் ஆக்குகிறேன் என்றேன்.

“பட்டாளத்துல அம்புட்டு வருசம் ஆம்பள ஆக்குன சோத்தத்தான் தின்னான். செத்தும் அதுதானா?”

மதினி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “பசிச்சா கோவிச்சுக்கிட்டாவது எந்திரிச்சு வரட்டும் அத்தை” என்றார்.

“ஏத்தா, நீ பொட்டு வச்சுக்கிட்டே இரு. நான் வேண்டாங்கல. எனக்காக ஒரு ஒலை வையி.”

மதினி நறுக்கிய காயை அள்ளித் தண்ணீரில் போட்டார். சமைத்தால், பதினெட்டு வருடம் காத்த ஒன்றைத் தன் கையாலேயே கொன்றவர் ஆவார். சமைக்காவிட்டால், எழுந்து உட்காரக்கூட முடியாத ஒருத்தியின் கடைசி ஆசையை மறுத்தவர் ஆவார். இரண்டையும் அவர் முகத்தில் பார்த்தேன். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் பத்தடி தூரம்கூட இராது. மூன்று பேரும் அதற்குள்ளேயே மாலைவரை ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். அம்மா கண்களை மூடியே கிடந்தாள். மதினி தோட்டத்துக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்துப் படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் விழித்தபோது கொல்லை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மதினி குளித்து, ஈரத்தலையை முடிந்து, வழக்கமான இடத்தில் பொட்டு வைத்திருந்தார். தூக்குவாளியையும் ஒரு தலைவாழை இலையையும் என்னிடம் நீட்டினார்.

“பட்டவன் சாமிக்குன்னு சொல்லிப் படைங்க தம்பி. பக்கத்துல நிக்கிறவரு கைய நீட்டி எடுத்தா, அது அவுக ரெண்டு பேருக்குள்ள.”

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “வடை இன்னும் ரெண்டு சேத்து வையித்தா. பட்டவன் பெரிய ஆளு. அவனே தின்னு தீத்துட்டா?”

மதினி உள்ளே போய் இரண்டு வடை எடுத்துவந்து வாளியில் போட்டார்.

காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினேன். விலக்கில் அந்நேரம் யாரும் இல்லை. சொன்னபடியே பட்டவன் பெயரைச் சொல்லி, அவன் முன்னால்தான் இலையை விரித்தேன். சோறும் வாழைக்காயும் வடையும் வைத்தேன். பிறகு இலையின் ஓரத்தைப் பிடித்து, கொஞ்சம் வலப்பக்கமாக, அண்ணனின் கல்லை நோக்கி இழுத்து வைத்தேன்.