காமெட்டின் இருக்கைகளும் கமலாவின் அப்பாவும்

சாங்கிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எழுதத் தகுந்த பயணம் ஒன்றுதான். அறுபதுகளின் தொடக்கம், ஒரு ஞாயிறு. விமானம் பார்க்கும் ஆசையில் போகவில்லை; அது தினமும் பார்த்துச் சலித்த விமானம். அங்கிருந்த பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில், படைவீரர்களை ஏற்றிவரும் காமெட் ஜெட் விமானங்களை உள்ளே துடைத்துச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. போனது என் கல்யாணத்துக்காக.

முந்தைய வாரம் சிராங்கூன் ரோட்டில் கமலாவைப் பெண் பார்க்கப் போயிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? காமெட்டில் இருக்கையெல்லாம் வால் பக்கம் பார்த்துத்தான் இருக்கும், அவசரமாக நின்றால் முதுகு தாங்கிக்கொள்ளும் என்று சொல்லிவைத்தேன். கமலாவின் அப்பா, துணிக்கடை ராமையா, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முதல் நாளே புளுகுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று மறுநாள் தரகர் வழியாகச் சொல்லியனுப்பினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கமலாவை வேறு பிடித்துத் தொலைத்திருந்தது.

பொதுமக்களைத் தளத்துக்குள் விடும் ஞாயிறு அது. காலை ஏழு மணிக்கே கடை வாசலில் போய் நின்றேன். பொய்யென்றால் இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டமாட்டேன் என்றேன். அவர் சட்டையை மாட்டினார், கமலாவும் கிளம்பினாள். பன்னிரண்டு மைல், கேலாங்கில் பஸ் மாறி, ஆளுக்கு ஐம்பது காசு. வழியில் நல்ல மழை. போய்ச் சேர ஒன்பதே கால்.

அங்கே விமானத்தைச் சுற்றிக் கயிறு. யாரும் உள்ளே ஏறக் கூடாதாம். என்னைத் தெரிந்த சார்ஜெண்டைப் பிடித்து, எனக்கு வந்த ஆங்கிலத்தில் அரைமணி நேரம் கெஞ்சினேன். ஒருவர் மட்டும், இரண்டு நிமிடம் என்றார். ராமையா படியேறினார்.

“இல்லன்னா என்ன செய்வீங்க?” என்றாள் கமலா.

“இருக்கு. நேத்து தொடச்சதே நான்தான்.”

சொல்லிவிட்டேனே தவிர, படியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. சார்ஜெண்ட் போய்த்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது. இறங்கியவர் நேரே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

இன்று சாங்கி வில்லேஜ் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலையிலேயே கிளம்புங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது கயிறு கட்டியிருந்தால் உடனே திரும்பிவிடாமல் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் வந்திருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் ராமையா ஆள் அனுப்பினார். போனேன். கடையில் அவருடைய கூட்டாளிகள் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே கள் குடித்தாயா என்று அவரைக் கேட்டார்களாம். முகம் சிவக்க எழுந்துவந்து என் கையைப் பிடித்தார்.

“மாப்பிள்ள, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறானுங்க லா.”