குடவாசல் ராவுத்தரும் எங்கள் வீட்டு ரிவால்வரும்

குடவாசலிலிருந்து நஸீமா போனில் கூப்பிட்டபோது நான் அடுப்பில் தேன்மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, மாமா ஃபஜர் தொழுதுட்டு நாற்காலியில உக்காந்தாங்க. அப்படியே போயிட்டாங்க" என்றாள். அடுப்பை அணைத்தேன். பாதியில் விட்டால் மெழுகு கட்டிதட்டி வீணாகும் என்பதால் மறுபடி பற்றவைத்து, உருக்கி முடித்து, டப்பாவில் ஊற்றி மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். இறந்தவருக்கு அது மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு ஷேக் தாவூது ராவுத்தரைத் தெரியாது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடவாசலில் இரும்புக்கடை வைத்திருந்தார். மண்வெட்டி, கருக்கரிவாள், பம்புசெட்டுக்கு வேண்டிய போல்ட், நட்டு எல்லாம் விற்றார். அது வாரத்தில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை மருமகள் நஸீமா கார் ஓட்ட, தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் எங்கள் கிளப்பின் சுடுதளத்துக்கு வந்து, நூற்றைம்பது வயதான ரிவால்வர் ஒன்றால் காகித இலக்கைச் சுட்டுவிட்டுப் போவார்.

இந்த வகை ரிவால்வருக்குத் தோட்டா கிடையாது. சுழலும் உருளையில் உள்ள ஒவ்வொரு அறையிலும் கருமருந்து போட்டு, மேலே கொஞ்சம் ரவை போட்டு, ஈயக்குண்டை வைத்து நெம்பியால் அழுத்தி, ஒரு அறையின் நெருப்பு அடுத்ததற்குத் தாவாமலிருக்க மேலே மெழுகு பூசி, பின்பக்கம், தட்டினால் பொறி தரும் சின்னக் கேப் பொருத்த வேண்டும். ரவை என்றால் உப்புமா ரவைதான். இவ்வளவும் செய்து முடிக்க அரைமணி நேரம் ஆகும். சுட்டு முடிக்க ஒரு நிமிடம். அதன்பின் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்க ஒரு மணி நேரம். இதற்காக வேதாரண்யத்து உப்பளக்காரர் ஒருவர் விடியற்காலையில் பஸ் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து வருகிறார். பைத்தியமா என்று என் மகன் சிங்கப்பூரிலிருந்து கேட்பான். ராவுத்தர் சொன்ன பதிலை அவனிடம் சொல்லியிருக்கிறேன்: "கோவத்தோட இதைச் சுட முடியாதுக்கா. மருந்து போட்டு, ரவை போட்டு, மெழுகு பூசி முடிக்கறதுக்குள்ள யார் மேல கோவம்னே மறந்துபோயிடும்."

அவருக்கும் என் கணவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அவர் கடையில்தான். என் கணவர் பொதுப்பணித் துறையில் பொறியாளர். வாய்க்கால் மதகு வேலையாகக் குடவாசலில் இருந்த காலத்தில் ஒருநாள் மெல்லிய எண்ணெயும் நுனி தேயாத சின்னத் திருப்புளியும் கேட்டிருக்கிறார். ராவுத்தர் இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, "தையல் மிஷினுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க சார்" என்றாராம். அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து ரிவால்வரைப் பார்த்துவிட்டார். அது என் கணவரின் பாட்டனாருடையது. இங்கிலாந்தில் செய்தது, ஐந்து அறை. ராவுத்தருடையது அமெரிக்காவில் செய்தது, ஆறு அறை. "ஆறாவதை எங்க சார் மறந்துட்டு வந்தாங்க உங்க வெள்ளைக்காரங்க?" என்பார். "குறி தெரிஞ்சவனுக்குச் செஞ்சது ராவுத்தர், அஞ்சே அதிகம்" என்பார் என் கணவர். இந்தச் சண்டை முப்பது வருடம் நடந்தது. முப்பது வருடமும் ராவுத்தர் அந்த ஐந்துக்கு ஆசைப்பட்டார், அதை ஒருநாளும் மறைத்ததில்லை. விலை கேட்பார், இல்லையென்றதும் டீ கேட்பார். என் கணவர் அதைப் பிறர் கையில் கொடுத்துச் சுடவிட்டதேயில்லை. ராவுத்தருக்கும்தான்.

என் கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராவுத்தர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். உரிமம் கணவர் பெயரில் இருந்ததால் ரிவால்வர் அதற்குள் காவல் நிலையத்துக்குப் போய்விட்டிருந்தது. அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் வாய் திறக்கும் முன்பே, கேட்க வேண்டாம், கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"கேக்க வரலைக்கா. இனிமே அதைச் சுடப்போறது யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அதுவரை அதை நான் தொட்டதுகூட இல்லை. சமையலறைக் கத்தி தவிர ஆயுதம் எதையும் பிடித்தறியாத அறுபத்தெட்டு வயதுப் பெண் சொன்ன பதில் அது. ராவுத்தர் சிரிக்கவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு வாங்க. முதல்ல பயிற்சிச் சான்றிதழ் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சொல்லிவிட்டோமே என்று போனேன். கிளப்பின் பயிற்சியாளரான ஓய்வுபெற்ற சுபேதார் மூன்று மாதம் என்னை வாட்டி எடுத்துச் சான்றிதழ் கொடுத்தார்.

சிக்கல் விண்ணப்பத்தில் வந்தது. உரிமம் எதற்கு வேண்டும் என்று ஒரு கேள்வி. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்று எழுதும்படி ராவுத்தர் சொன்னார், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்களாம். நான் மருந்து கெட்டித்து முடிக்கும்வரை திருடன் அரைமணி நேரம் திண்பண்டம் தின்றுகொண்டு காத்திருப்பானா என்று கேட்டேன். கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். தெரிந்தே பொய்யெழுதிக் கீழே கையெழுத்துப் போட என்னால் ஆகாது. "பழைய துப்பாக்கியைப் பேணவும், சுடுதளத்தில் சுடவும்" என்று எழுதினேன். எந்த மேசையிலும் அதற்கு இடமில்லாமல் கோப்பு அலைந்தது. இந்த வயதில் உங்களுக்கு யாரால் ஆபத்தம்மா என்று ஒரு அதிகாரி மிகவும் மரியாதையாகக் கேட்டார். யாராலும் இல்லை என்றேன். கோப்பு மறுபடி தூங்கப் போனது.

இதற்கிடையில் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. குறித்த நாளுக்குள் உரிமத்தோடு வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால், ரிவால்வர் ஆயுதக் கிடங்குக்குப் போய் மற்றக் கழிவுத் துப்பாக்கிகளோடு உடைக்கப்படும். இல்லையென்றால் குழலை அடைத்து, உருளையில் துளையிட்டு, சுடமுடியாத பொருளாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். என் மகன் இரண்டாவதே போதும் என்றான். வீட்டுக்கு அழகாக இருக்குமாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான், உடைப்பதாவது சீக்கிரம் முடியும்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவர் பெயருக்கு மாற்றிவிடலாம். அதைச் சொல்ல ராவுத்தர் இரண்டு நாள் தயங்கியிருக்கிறார் என்று பின்னால் நஸீமா சொல்லித் தெரிந்துகொண்டேன். "என் பேர்ல மாத்துங்கக்கா. நான் கிளப்புக்குக் கொண்டாரேன், நீங்க சுடுங்க. உங்க உரிமம் வந்ததும் திருப்பிக்குடுத்துடறேன்" என்றார். எழுதித் தருகிறீர்களா என்று கேட்கவிருந்தேன். கேட்கவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. அவர் அதையும் மறைக்கவில்லை. ராவுத்தர் கடைசியில் சாதித்துவிட்டார் என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க வந்திருந்தார்கள். அறைகளின் வாயில் பூச ராவுத்தர் மெழுகோடு ஆட்டுக்கொழுப்புக் கலந்து வைத்திருந்தார். நாங்கள் சைவம். அதைத் தொட மாட்டேன் என்று சொல்லி, யாரையும் கேட்காமல், வீட்டிலிருந்து நெய் கொண்டுபோயிருந்தேன். சித்திரை வெயில். மருந்து போட்டு, சலித்த ரவை போட்டு, குண்டு வைத்து, ஐந்து அறைக்கும் நெய் பூசி, இலக்குக்கு நேரே பிடித்து விசையை இழுத்தேன். கேப் மட்டும் வெடித்தது. இரண்டாவதும் அப்படியே, ஐந்தும் அப்படியே. நெய் உருகிக் குண்டைச் சுற்றி இறங்கி மருந்தெல்லாம் ஊறிப்போயிருந்தது. ராவுத்தர் ரிவால்வரை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வீட்டு நெய்யாக்கா? நல்ல வாசனை."

"ரவை இருக்கு, நெய் இருக்கு. சர்க்கரை கொண்டாந்திருந்தா கேசரியே கிண்டியிருக்கலாம்" என்றார் வேதாரண்யத்துக்காரர்.

அப்போது சிரிக்க ஆரம்பித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் கணவர் போனபின் நான் சிரித்தது அன்றுதான். அடுத்த வாரமே தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் அளவு பார்த்துக் கலந்து கொண்டுபோனேன். ஐந்தும் வெடித்தன. ராவுத்தர் பாராட்டவில்லை. ஒரு மாதம் கழித்து நஸீமாவிடம் ஒரு காலி டப்பா கொடுத்தனுப்பினார். அதன் பிறகு அவர் ஆட்டுக்கொழுப்பைத் தொட்டதில்லை.

உரிமம் வர இரண்டு வருடம் ஆனது. நான் எழுதிய காரணத்தை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் புதிதாக வந்த ஓர் அதிகாரி கையெழுத்திட்டுவிட்டார். மறுநாள் காலையில் ராவுத்தர் பெயர் மாற்றப் பத்திரங்களோடு வாசலில் நின்றார். அன்றுதான் அவரிடம் கேட்டேன். நூறு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்திருக்கிறார், நான் சுட்டதைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார், ஒருமுறைகூட அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. தனியாக வந்தாவது சுட்டாரா?

"இல்லக்கா. சுட்டிருந்தா திருப்பிக் குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் எல்லோர் முன்னிலையிலும் ரிவால்வரை அவரிடம் நீட்டி, சுடுங்கள் என்றேன். நாற்பது நிமிடம் மருந்து கெட்டித்தார். முதல் குண்டு. கருமருந்துப் புகை வெள்ளையாக, திரைபோல எதிரே நின்றது. புகை கலையும்வரை பட்டதா இல்லையா என்று தெரியாது. "அந்த நேரம்தான் இதுல ருசி. அதுவரைக்கும் எல்லாருமே குறி தப்பாதவங்கதான்" என்பார். புகை கலைந்தது. இலக்குக்கு ஒரு சாண் இடதுபுறம். இரண்டாவதும் இடது, மூன்றாவதும் இடது. ஐந்தையும் சுட்டுவிட்டு ரிவால்வரைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார்.

"இடது பக்கம் இழுக்குதேக்கா."

ஆமாம் என்றேன். ஆரம்பத்திலிருந்தே இழுக்கும். சுடப் பழகிய மூன்றாம் வாரம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும். வலதுபுறம் குறிவைத்துச் சுட்டுக்கொண்டு, முப்பது வருடம் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார். நானும் குடும்ப கௌரவம் கருதி வாய்திறக்கவில்லை.

"சார் என்னை நல்லா ஏமாத்தினாரு. இந்தக் கோணல் குழலுக்கா நான் முப்பது வருஷம் ஆசைப்பட்டேன்?" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சுட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து நின்று, "ஒரு அஞ்சு குடுங்கக்கா" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். இறப்பதற்கு முந்தின மாதம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை வலதுபுறம் குறிவைக்க மறுத்துவிட்டார். துப்பாக்கியின் குணத்தை மாற்ற நான் யார் என்பார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து நஸீமா தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அவரது ரிவால்வர் பற்றிய காவல் நிலையக் கடிதம். மாமனாருக்கு விரல் மரத்துப்போனதிலிருந்து ஒரு வருடமாக அவருக்கு மருந்து கெட்டித்துக் கொடுத்தவள் அவள்தான். சுடவும் பழகியிருந்தாள். கத்தாரிலிருந்து அவள் கணவர் ஒப்படைத்துவிடு என்கிறாராம். அவளுக்கு மனமில்லை. காரணம் கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். உண்மையை எழுது, தாமதமாகும், அதுவரை என் பெயருக்கு மாற்று என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல் யோசித்தாள்.

"நீங்க அதைச் சுடுவீங்களாம்மா?"

"வர்ற ஞாயித்துக்கிழமையே சுடுவேன். உங்க மாமா அளவுக்கு எனக்கு மனக்கட்டுப்பாடு கிடையாது. ஆனா உன் உரிமம் வந்த மறுநாள் காலையில உங்க வீட்டு வாசல்ல நிப்பேன்."

அவரது ஆறு அறை ரிவால்வர் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அது நஸீமாவுடையது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறு. அந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் என் ரிவால்வரைத் துணியிலிருந்து பிரித்து, குழலைத் தரைக்கும் பிடியை என் கைக்குமாகத் திருப்பி நீட்டுவார். காகிதத்தில் அது அவருடையது. கொடுக்கும்போது, என் பொருளை என்னிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறவரைப் போலவே கொடுப்பார். நஸீமாவிடம் அப்படி நீட்ட நானும் பழகிக்கொண்டிருக்கிறேன்.