தவறான குழுவுக்குப் போன ஜெப விண்ணப்பம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சாட்சி சொல்பவர் தெளிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஆனால் என் சாட்சி முழுக்கக் குழப்பம். குழப்பத்தில் தொடங்கி, குழப்பத்தின் நடுவிலேயே ஆண்டவர் கைகொடுத்த கதை இது. எனக்கு விளங்கியதை விளங்கியபடியும், விளங்காததை விளங்காதபடியும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கிருபா. மைசூரில் பிறந்து வளர்ந்தவள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் படிப்பை மைசூரிலேயே படித்தேன். என் கணவர் ஸ்டீபன் பள்ளி ஆசிரியர். ஒடிசாவின் தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் காது கேளாத பிள்ளைகள் பலர் எந்த உதவியும் இல்லாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாங்கள் இருவரும் அங்கே ஊழியத்துக்குப் போக ஒப்புக்கொடுத்தோம். மைசூரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபை எங்களை அனுப்பியது. அனுப்புதல் ஆராதனை பெரிதாக நடந்தது. மாலை போட்டார்கள், அழுதார்கள், பிரியாணி போட்டார்கள். ரயில் நிலையம் வரை ஒரு கூட்டமே வந்தது.

முதல் வருடம் யாராவது ஒருவர் போன் செய்துகொண்டே இருப்பார்கள். இரண்டாம் வருடம் எங்கள் ஆயருக்கு மாற்றல் வந்தது. அவரோடு எல்லாமே ஓய்ந்துபோனது. மாதாமாதம் பணம் மட்டும் தவறாமல் வங்கிக்கு வந்துவிடும். குரல் வராது. பணித்தளத்தைப் பற்றி நான் அனுப்பும் செய்திகளை யார் படிக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. "எல்லாருக்கும் ஆயிரம் வேலை கிருபா" என்று ஸ்டீபன் சொல்வார். நானும் தலையாட்டிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியாதான் என்று கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் சோதித்துச் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார். அது அங்கே எல்லாருக்கும் வருவதுதான் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு காலை எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சர், பஸ் வந்துடுச்சா?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் அதையே கேட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. சுகாதாரப் பணியாளர் ஓடி வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, உடனே கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆம்புலன்சுக்குச் சொன்னோம். வந்தது. ஆனால் முந்தின நாள் மழையில் ஓடைப் பாலம் அடித்துப்போயிருந்தது. அக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. சுமந்தாவது அக்கரை சேர்க்கலாம் என்றால், இடுப்பளவு வேகமான தண்ணீர். கிராமத்து ஆண்கள் கயிற்றோடு இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்துவிட்டார்கள்.

எங்கள் பயிற்சிப் பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறினால்தான் போனுக்கு சிக்னல். ஏறி நின்று மைசூரில் சபை அலுவலகத்துக்கு அடித்தேன். எனக்குத் தெரியாத குரல் எடுத்தது.

"ஐயா ஊர்ல இல்லீங்களே. நீங்க யாரு பேசுறது?"

"நான் கிருபா. ஒடிசா பணித்தளத்திலிருந்து."

"எந்த மிஷன்மா?"

"நீங்க அனுப்பின மிஷனரிதான்."

"அப்படியா? நான் புதுசும்மா. கமிட்டில சொல்லிட்டு உங்களுக்குக் கூப்பிடச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார். அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஒன்றும் புரியவில்லை, அவ்வளவுதான். ஆண்டவரிடம் கேட்டேன்: எங்களை இங்கே அனுப்பியது நீரா? சபையா? இல்லை, யாருமே அனுப்பாமல் நாங்களாகவே கிளம்பி வந்துவிட்டோமா? ஸ்டீபனைக் காப்பாற்றும் என்றுகூட எனக்குச் சரியாகக் கேட்க வரவில்லை. யாரையாவது அனுப்பும், யாரையாவது அனுப்பும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். சிக்னல் போவதற்குள் அவசரமாகப் பேசினேன். நடந்ததைச் சொல்லி, இடத்தின் பெயரைச் சொல்லி, ஜெபிக்கச் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பார்த்தால் கன்னட எழுத்து! எனக்குக் கன்னடம் படிக்க வரும். ஆனால் அந்த நேரத்தில் ஏன் கன்னடத்தில் பதில் வருகிறது என்றே விளங்கவில்லை. குழுவின் பேரைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, நான் வேறு குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைசூரில் எங்கள் ஆலயக் கட்டடத்தில் இரண்டு சபைகள் கூடுகின்றன. காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் கன்னட ஆராதனை. நாங்கள் நேரத்துக்கு முடிக்கவில்லை என்று அவர்களுக்குக் கோபம், வண்டிகளை வாசலில் நிறுத்திவிடுகிறார்கள் என்று எங்களுக்குக் கோபம். முன்பு ஒருமுறை மட்டும் விடுமுறை வேதபாடசாலையை இரண்டு சபையும் சேர்ந்து நடத்தின. அதற்காகத் தொடங்கிய ஆசிரியர் குழு அது. அதில் யாரும் எதுவும் பேசி நீண்ட காலம் ஆகியிருந்தது. என் செய்தி போனது அதற்குத்தான்.

போன் அடித்தது. கன்னட சபையைச் சேர்ந்த சரோஜா அக்கா. பாடசாலையில் என்னோடு பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"கிருபா, ஏனாயித்தம்மா? என்ன ஆச்சு?" என்றார். "ஹெதரபேடா. பயப்படாதே. ஊர் பேரை மெல்லமா இன்னொரு தடவை சொல்லு. பக்கத்துல இருக்கிற டவுன் பேரையும் சொல்லு."

சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று தெரியவில்லை. "போனைக் கையிலேயே வெச்சிரு" என்று சொல்லித் துண்டித்துவிட்டார். நான் கீழே இறங்கினால் சிக்னல் போய்விடும். மேலேயே இருந்தால் ஸ்டீபன் பக்கத்தில் இருக்க முடியாது. பாறைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

மதியம் தாண்டியிருக்கும். ஓடைப் பக்கமிருந்து பெரிய இரைச்சல் கேட்டது. என்னிடம் பயிலும் பிள்ளைகளின் அம்மாமார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உயரமான ஒரு லாரி, பின்னால் இரும்புக் குழாய்களோடு, தண்ணீருக்குள் இறங்கி மெதுவாக இக்கரைக்கு ஏறியது. கண்ணாடியில் முருகன் படம். தமிழ்நாட்டுப் பதிவு எண். உடம்பெல்லாம் மண்ணாக மூன்று பேர் குதித்து இறங்கினார்கள்.

"கிருபாங்கறது யாருங்க? நீங்களுங்களா அக்கா?" என்றார் முன்னால் வந்தவர். "நான் செந்திலுங்க. போர் போடுற வண்டி நம்முளுது. ராமாபுரத்துல இருந்து மச்சான் போன் பண்ணுனாருங்க. அண்ணன் எங்க இருக்காருங்க?"

அந்த மலையில் தமிழ்! வீட்டைக் காட்டினேன்; மூன்று பேருமாக ஸ்டீபனைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் கதை தெரிந்தது. சரோஜா அக்காவின் அக்காவை ராமாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அனூர் பக்கத்து ஊர், தமிழ் பேசும் ஊர். அங்கே ஒரு வீட்டில் சில குடும்பங்கள் கூடி ஆராதிக்கிறார்கள். பக்கத்து வீட்டு விவசாயியின் மைத்துனர் ஒடிசாவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஓட்டுகிறார் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். சுவர் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த மைத்துனர்தான் செந்தில். மலைக்குக் கீழே ஒரு கிராமத்தில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தவர், வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"உங்க வேலை கெட்டுப்போச்சே தம்பி" என்றேன்.

"அட, அது கெடக்குதுங்கக்கா. நாங்க வேற சாமி கும்பிடறவங்க. ஆனா நம்ம பாசை பேசற பொண்ணு மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு மச்சான் சொன்னப்புறம் எப்புடிங்க சும்மா இருக்கறது?"

ஸ்டீபன் பிழைத்தார். மருத்துவர், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். கண் விழித்து ஸ்டீபன் என் பெயரைச் சொன்னபோதுதான் நான் முதல்முறையாக அழுதேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் சரோஜா அக்கா காலையும் மாலையும் பேசினார். ராமாபுரத்தில் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் தமிழ்ச் சபையின் புது ஆயரும் கூப்பிட்டார். "மன்னிச்சிருங்கம்மா. நீங்க அங்க இருக்கீங்கன்னே எனக்கு யாரும் சொல்லல" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் என்ன செய்வார்?

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். அதே மழையில், மேலே இன்னொரு கிராமத்தில், என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பெண்குழந்தையின் தாய் அதே காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுக்கு எந்த லாரியும் வரவில்லை. எங்களுக்கு வந்தது, அவளுக்கு ஏன் வரவில்லை? ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் தெரியாது. தெரிந்த மாதிரி உங்கள் முன்னால் நடிக்கவும் மாட்டேன்.

ஸ்டீபனின் உடம்பைத் தேற்ற மைசூர் வந்தோம். எங்கள் ஆயரும் கன்னட சபை ஆயரும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். ராமாபுரத்திலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். நல்லதே நடக்கும் என்று போனால், ஆரம்பமே சண்டை. "இவங்க நம்ம மிஷனரி. நாமதான் அனுப்பினோம். நடுவுல அவங்க எதுக்கு?" என்றார் எங்கள் மூப்பர் ஒருவர். "அனுப்பிட்டு மறந்துட்டீங்களே, கஷ்டத்துல போன் எடுத்தது யாரு?" என்று கன்னட சபையில் ஒருவர் கேட்டார். பாதி தமிழ், பாதி கன்னடம், நடுவில் இங்கிலீஷ். எனக்குத் தலை சுற்றியது. பேசாமல் ஊழியத்தை விட்டுவிட்டு மைசூரிலேயே வேலை தேடிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது ராமாபுரத்துச் சகோதரர் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். அந்த வீட்டு ஆராதனைக்கு வருகிறவர், மஞ்சள் பயிரிடும் விவசாயி.

"தப்பா நெனைக்காதீங்க. நாங்க சின்னக் கூட்டமுங்க. எங்களால தனியா ஒருத்தரை அனுப்ப முடியாதுங்க. நீங்க ரெண்டு பேரும் எங்களுது எங்களுதுன்னு சொல்றீங்க. எங்களுக்கும் இவங்கள்ல ஒரு பங்கு குடுங்களேன். அது போதுமுங்க."

எங்களுடைய அந்த மூப்பரே முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அன்றைக்குப் பேசி முடிவானது இதுதான். மாதாந்தர ஆதரவைத் தமிழ்ச் சபை தொடரும். எங்கள் உடல்நலமும், விடுமுறையில் மைசூர் வரும்போது தங்க இடமும் கன்னட சபையின் பொறுப்பு. வாரம் தவறாமல் எங்களை அழைத்துப் பேசி ஜெபிப்பது ராமாபுரத்தின் பங்கு, வருடத்துக்கு ஒருமுறை பணித்தளத்துக்கு ஆள் அனுப்புவதும் அவர்களே. எந்த ஆயருக்கு மாற்றல் வந்தாலும் மற்ற இரண்டு சபைக்கும் எங்களைத் தெரியும். மலைக்கிராமங்களுக்குக் காய்ச்சல் மருந்தும், மழையில் நோயாளிகளைக் கொண்டுபோக உயரமான ஒரு ஜீப்பும் வேண்டும் என்று ஸ்டீபன் கேட்டார். மூன்று சபையும் சேர்ந்து அதையும் ஏற்றுக்கொண்டன. வண்டி நிறுத்தும் சண்டை இன்னும் தீரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்பானவர்களே, உங்கள் சபை சிறியதாக இருக்கலாம். ஒரு மிஷனரியை அனுப்ப நம்மால் ஆகுமா என்று தயங்கலாம். தனியாக ஆகாது என்றால் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்துச் சபையின் பாஷை வேறாக இருந்தாலும் போய்ப் பேசுங்கள். ஏற்கெனவே யாரையாவது அனுப்பியிருந்தால், இன்றைக்கே அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாலே போதும். எல்லாம் புரிந்தபிறகுதான் ஆண்டவரை நம்ப வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் பாதி புரியாமல்தான் நம்புகிறேன். அவர் கைவிடவில்லை.

நாங்கள் மலைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு மறுபடியும் அனுப்புதல் ஆராதனை நடந்தது. நானும் ஸ்டீபனும் முழங்காலில் நின்றோம். கண்ணை மூடிக்கொண்டேன். தலையிலும் தோளிலும் ஒவ்வொன்றாகக் கைகள் வந்து விழுந்தன. கரடுமுரடான கை, வளையல் போட்ட கை, நடுங்குகிற கை. தமிழும் கன்னடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. எந்தக் கை எந்தச் சபையினுடையது என்று எனக்குத் தெரியவில்லை. பாரம் மட்டும் தெரிந்தது. அந்தப் பாரத்தோடு எழுந்தேன். ஆமென்.