காரியக்காரர் தோளில் இரண்டு கை

ஒரு வெள்ளைச் சட்டை. இரண்டு தோளிலும் சேற்றுக் கை, விரல் விரலாக. என் வயதுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தச் சட்டை நினைவிருக்கிறது. அதன்மேல் கை வைத்தவள் என் வீட்டுக்காரி.

குறுவை அறுவடைக்கு நெல் கூலி உயர்த்திக் கேட்டு, சங்கம் சேர்ந்து நாங்கள் வேலைக்குப் போகாமல் நின்ற ஐப்பசி அது. ஆட்சி மாறி, சுவருக்குச் சுவர் புதுக் கொடி எழுதியிருந்தார்கள். மிராசுதாரின் களத்துக்குள் மட்டும் அந்த ஆட்சி வந்து சேரவில்லை. சங்கத்துக்காரன் வீட்டு ஆள் யாரும் கால் வைக்கக் கூடாதென்று மூங்கில் படலைச் சாத்தி, பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரரைக் குடையோடு நிறுத்தியிருந்தார்கள். நான் சங்கத்தில் பெரிய ஆள் இல்லை. கோஷம் மறந்துபோய், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து வாயசைக்கிறவன்.

அன்று அவளுக்குத் தலைப்பிரசவ வலி. காலையில் பிடித்த வலி மதியத்தில் மந்தமாகி நின்றுவிட்டது. "படுத்தா வலியும் படுத்துக்கும், எந்திரிடி" என்று அவள் அம்மா கிளப்பினாள். தலைச்சன்காரியை எங்கள் தெருவில் படுக்க விடமாட்டார்கள். களத்துக்குள் சுற்றி நடத்துவார்கள். வலி வரும்போது எதிரில் நிற்கிறவர் தோளைப் பிடித்துத் தொங்கி, இடுப்பை ஆட்டுவாள். பின்னால் ஒருத்தி இடுப்பெலும்பை அழுத்தித் தேய்ப்பாள். நடுநடுவே வெந்நீர், கஞ்சி. தெருவிலோ முழங்கால் சேறு. சேறில்லாத தரை களம் ஒன்றுதான். போகிற வழியிலேயே வழுக்கி, இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தாள்.

"சங்கத்துல இல்லேன்னு ஒம் புருசன் சொல்லட்டும், அப்புறம் நட" என்றார் காரியக்காரர்.

"அது சொல்றத நானே கேக்க மாட்டேன், நீங்க எதுக்குங்க கேக்குறீங்க?" என்றாள்.

நான்தான் படலைத் திறந்தேன். வீரம் எல்லாம் இல்லை. மாமியார் பின்னாலிருந்து தள்ளினாள். குடையை ஓங்கிக்கொண்டு அவர் குறுக்கே வந்தார். அந்த நேரம் பார்த்து வலி வந்தது. பிடித்துத் தொங்க, எதிரில் நின்றது அவர்தான். எங்கள் நிழல் பட்டாலே ஒதுங்குகிற மனிதர் தோளில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கிவிட்டாள்.

"அசையாதீங்கய்யா, புள்ள விழுந்துடுவா!" என்று மாமியார் அதட்டினாள். அசையவில்லை, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். பிறகு அவள் சுற்றிச் சுற்றி நடந்தாள். வலி திரும்ப ஒழுங்காகப் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டில் பெண் பிறந்தாள்.

மறுநாள் காரியக்காரர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, எங்கள் கண் எதிரிலேயே அந்தச் சட்டையைக் கொளுத்தினார். துவைத்தால் போகிற சேறு. அவருக்கு அது சேறாகத் தெரியவில்லை.

அந்தக் களம் இப்போது வீட்டு மனை. அன்று பிறந்தவளின் மகளுக்கு இன்று தலைப்பிரசவம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில். தேரே ஓட்டலாம், அவ்வளவு நீள வராந்தா; சொட்டுச் சேறில்லை. உள்ளே, "படும்மா! எந்திரிக்கக் கூடாதுன்னா கூடாது" என்று நர்சின் ஒரே அதட்டல்.

"கொஞ்சம் நடக்க விடுங்கம்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்று என் வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"பாட்டி, வெளியில உக்காருங்க. இங்க இதான் ரூல்."

காரியக்காரருக்கும் ஒரு ரூல் இருந்தது.

கொள்ளுப்பேரனைத் தூக்கும்போது எடுப்பாக இருக்கட்டுமென்று நானும் வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறேன். கதவுக்கு வெளியே நிற்கிறேன். இஸ்திரி கலையாத தோள் இரண்டும் சும்மா இருக்கின்றன. அன்றைக்கு என் வீட்டுக்காரிக்கு எதிரியின் தோளாவது கிடைத்தது.