பலரில் ஒருவர்

வரலாற்றுப் புத்தகத்தை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போது மாமனார் திடீரென்று ஆள்காட்டி விரலைத் தூக்குவார். சாலையோரம் நின்று ஓடும் பேருந்தை நிறுத்துகிறவரின் தோரணை அதில் இருக்கும். ஆயுள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிய விரல். நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து, வெடித்து, மறுபடி மூடியிருக்கும். அந்த விரல் உயர்ந்தால் நான் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். சோழனோ பல்லவனோ கவர்னர் ஜெனரலோ, யாராக இருந்தாலும் மாமனார் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2005ஆம் வருடம் அது. முந்தைய டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது மரக்காணத்தில் நாங்கள் குத்தகைக்கு வைத்திருந்த உப்பளத்தில் பாத்திகளின்மேல் கரும்சேறு படிந்துவிட்டது. அதை வழித்தெடுத்து, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மறுபடி உப்பு கட்ட வைப்பதற்குள் அந்தப் பருவமே போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கணவர் புதுச்சேரிப் பக்கம் லாரிக்கு லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். திருமணத்துக்கு முன் நான் முடித்திருந்த பி.ஏ. பட்டம் பெட்டிக்கடியில் கிடந்தது. அரசு வேலைக்கான தேர்வு எழுதிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதும், மாமனார்தான் முதலில் தலையாட்டினார். கிளை நூலகத்திலிருந்து வரலாற்றுப் புத்தகங்களாக எடுத்து வந்தேன். சத்தமாகப் படித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். கண்புரை அறுவைக்குப் பிறகும் மாமனாருக்கு ஒரு கண் தெளியவில்லை. செய்தித்தாளைக்கூட அவரால் படிக்க முடியாது. பின்கட்டு வேப்பமரத்தடியில் நான் படிக்க, கயிற்றுக்கட்டிலில் அவர் கேட்பார். வீட்டில் நாங்கள் பெரியத்தை என்று அழைக்கும் மாமனாரின் அண்ணி, எண்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தள்ளி மீன் ஆய்ந்துகொண்டோ புளியில் கொட்டை எடுத்துக்கொண்டோ இருப்பார். அவர் புத்தகத்தைக் காதில் வாங்குவதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் ஏதோ ஓர் அரசனின் காலத்தைப் பொற்காலம் என்று படித்துக்கொண்டிருந்தேன். மாதம் மும்மாரி பொழிந்தது என்று வந்ததும் விரல் உயர்ந்தது.

"மாசம் மூணு மழையா? அப்ப உப்புக்காரன் செத்தான்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கோடை மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது அத்தனையும் கரைந்துபோவதைப் பார்த்துப் பார்த்தே கிழவரானவர் அவர். இன்னொரு நாள், வெள்ளைக்காரர் காலத்தில் உப்புக்கு வரி விதிக்கப்பட்டது என்று படித்தேன். தரையில் தானாகப் பூத்த உப்பை வழித்துக்கொண்டு வந்ததற்காக அவருடைய அப்பாவைக் காவல்காரன் கால்வாய்க்கரையில் வைத்து அடித்த கதையைச் சொன்னார். "விதிக்கப்பட்டதுன்னா இன்னாம்மா? தானா வந்து விதிச்சுக்கிச்சா?" என்று கேட்டார். அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. புத்தகத்தில் எங்கே எது 'பட்டது' என்று வந்தாலும், யாருடைய முதுகில் என்று ஒரு கணம் யோசிப்பேன். தேர்வுக்கு அது உதவாத யோசனை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஆண்டும் பெயரும் போதும். ஆனால் கண் அடுத்த வரிக்குப் போன பிறகும் மனம் முந்தைய வரியிலேயே உட்கார்ந்திருக்கும்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தென்கிழக்கு ஆசிய நாடுகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். உலகப் போர்ப் பகுதி பாடத்திட்டத்தில் இருந்தது. மலேயாவை ஜப்பான்காரர்கள் பிடித்தது, ரப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்களை இன்றைய தாய்லாந்தான சயாமின் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனது எல்லாம் ஒரே பத்தியில் இருந்தன. காலராவிலும் பட்டினியிலும் அவர்களில் பலர் மாண்டார்கள் என்று அந்தப் பத்தி முடிந்தது. அடுத்த பத்தி வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. நானும் போய்விட்டேன். பாதிப் பக்கம் தாண்டிய பிறகுதான் விரல் உயரவே இல்லை என்பதைக் கவனித்து நிமிர்ந்தேன். மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தன.

"அந்த ரயிலு சமாச்சாரத்த இன்னொரு வாட்டி படி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணி காதுல விழாம" என்றார்.

அவருடைய அண்ணன் மலேயாவுக்குப் போய்த் திரும்பாதவர் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஒருவன் பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர். மாமனார் அப்போது நடக்கப் பழகியிருந்த குழந்தை. பெற்ற தாய் இல்லை. அப்பா விடிந்தால் உப்பளத்துக்குப் போய்விடுவார். அண்ணிதான் வளர்த்தார். போர் வரும்வரை கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. 'பெரியவரு அங்கியே குடும்பமாயிட்டாரு' என்று ஊரில் சிலர் சொன்னார்கள். வேறு சிலர், என்றைக்காவது வந்து நிற்பார் என்றார்கள். பெரியத்தை தினமும் குளித்து நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வார். தாலி கழுத்திலேயே இருந்தது. இறந்ததாக யாரும் சொல்லாததால் யாரும் திவசமும் கொடுக்கவில்லை. திருமணமாகி வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது இது. பிறகு, வீட்டில் எப்போதும் மூடியே இருக்கும் ஓர் அறையைப் போல இதுவும் பழகிப்போனது.

அன்றிலிருந்து மாமனார் புத்தகம் கேட்க வரவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. ஒரு மத்தியானம் பெரியத்தை கடைக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, அந்தச் சண்டை எந்த வருடம் முடிந்தது என்று கேட்டார். சொன்னேன். மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டவர், சுவரைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

போர் முடிந்த காலத்தில், கிளியனூரிலிருந்து உப்பு ஏற்ற வரும் வண்டிக்காரர் ஒருவர் இருந்தாராம். மனைவியை இழந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படி மறுமணம் செய்துகொள்வது நடக்காத காரியமில்லை. பெரியவர்களை வைத்துப் பெரியத்தையைக் கேட்டு வந்தாராம். மாமனாரின் அப்பாவும் அரைமனதாகத் தலையசைத்துவிட்டார். மாமனாருக்கு அப்போது பத்து, பதினொரு வயது.

"தெருவுல நின்னு கத்துனேன்மா. எங்க அண்ணன் வருவாரு, எங்க அண்ணன் வந்து உன்ன வெட்டுவாருன்னு கத்துனேன். கல்லெடுத்து அடிச்சேன். அந்தாளு நெத்தியில ரத்தம் வந்திச்சு. ஒண்ணும் சொல்லாம வண்டியத் திருப்பிக்கினு போயிட்டாரு. அப்புறம் யாரும் அந்தப் பேச்ச எடுக்கல. அண்ணன்மேல தம்பிக்கு இன்னா பாசம் பாருன்னு ஊரே சொல்லிச்சு." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அண்ணன் மூஞ்சே ஞாபகம் இல்லம்மா. இவங்க போயிடுவாங்களேன்னுதான் கத்துனேன். அப்பவே அவரு செத்துப் போயிருந்திருக்காரு. இவங்க சும்மா, எனக்காவ..."

அந்தச் செய்தி ஒரு புத்தகத்தில் அச்சாகி எத்தனையோ காலமாக அலமாரியில் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு அது வந்துசேர அறுபது வருடம் ஆகியிருக்கிறது. அது முன்பே வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சில நாள் கழித்து அவரே அண்ணியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். என்னை அந்தப் பக்கத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார். பெரியத்தை முறத்தில் உளுந்தை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை.

"அதுல நம்ம ஊரு பேரு போட்டிருக்கா?" என்றார்.

"இல்லீங்க அத்தை."

"அவரு பேரு?"

"இல்லீங்க. பலர்னுதான் போட்டிருக்கு."

"அப்புறம் எதுக்கு அத எனக்குப் படிச்சுக் காட்டுற?"

மாமனார் குறுக்கிட்டார். "அண்ணி, அண்ணன் அப்பவே போயிட்டாரு. நாந்தான் உங்கள..."

பெரியத்தை முறத்தைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதாப்பா? கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தரு மலேயாவுல கடை வெச்சிருந்தாரு. சண்டை முடிஞ்சு வந்தாருன்னு கேள்விப்பட்டுப் போயி விசாரிச்சேன். அந்தத் தோட்டத்துக் கூலி லயத்துல இருந்த ஆம்பளைங்க எல்லாத்தையும் லாரியில ஏத்திக்கினு போனாங்க, ஒருத்தரும் திரும்பல, உன் புருஷனும் அதுல போனவன்தாம்மான்னு சொல்லிட்டாரு."

"யாரு கூட்டிக்கினு போனா உங்கள?"

"கிளியனூர் வண்டிக்காரருதான். உப்பு மூட்டைமேல குந்திக்கினு போனேன். வர்ற வழி பூரா அழுதுக்கினே வந்தேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசல. அதுக்கு அப்பறம்தான் அவரு கேட்டு வந்தது."

மாமனார் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? உன்கிட்டயா? ஆத்தா மூஞ்சி பாக்காத புள்ள. அண்ணன் வருவாரு, வருவாருன்னு நாள் பூரா சொல்லிக்கினு திரிஞ்ச. பொட்ட அழிச்சிருந்தா என்னை என் பொறந்த வீட்டு அண்ணன் வந்து கூட்டிக்கினு போயிருப்பான். உனக்குச் சோறு போடறது யாரு?"

"நான் கல்லெடுத்து அடிக்காம இருந்திருந்தா?"

பெரியத்தை ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அதற்குப் பழக்கம் இருந்தது. ஆனால் அவர் சொல்லவில்லை.

"போயிருப்பேன்" என்றார். "உன்னையும் கூட்டிக்கினு போவலாம்னுதான் அவரு சொன்னாரு. அத நீ கேக்கறதுக்குள்ள கல்ல எடுத்துட்ட."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து, குழம்பு ஆறிப்போகிறது, சாப்பிட வா என்று மாமனாரைக் கூப்பிட்டார். அவர் போய்ச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு, அண்ணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பதறி எழுந்து வாங்குவார். அவர் நிற்கும்போது தான் உட்கார மாட்டார். "இன்னாத்துக்கு இப்படி வேஷம் கட்டுற? போய் உக்காரு" என்று பெரியத்தை திட்டுவார். அறுபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இயல்பாக இருந்த இரண்டு பேர், அந்தக் கடைசிக் காலத்தில் புதிதாக வந்த விருந்தாளிகளைப் போல நடந்துகொண்டதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

அண்ணனுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக இருந்தார். 2006 தை அமாவாசைக்குக் கடற்கரைக்குப் போனோம். ஒரு வருடத்துக்கு மேலாகக் கடல் பக்கமே திரும்பாதவர்கள்கூட அன்று வந்திருந்தார்கள். எல்லோரும் அலைக்கு எட்டாத தூரத்திலேயே உட்கார்ந்தார்கள். ஐயர் தர்ப்பையைக் கட்டிவிட்டு, இறந்த திதியைக் கேட்டார். தெரியாது என்றோம். பரவாயில்லை, அமாவாசையில் கொடுக்கலாம் என்றார். பெயரைக் கேட்டார்.

மாமனார் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. எள்ளும் தண்ணீரும் கையிலிருந்து மணலில் ஒழுகின. ஐயர் மறுபடி கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் 'பெரியவரு' என்று மட்டுமே சொல்லிவந்ததால் எனக்கும் என் கணவருக்கும் சட்டென்று பெயர் வாயில் வரவில்லை. அப்போது பின்னாலிருந்து பெரியத்தை அந்தப் பெயரைச் சொன்னார். கட்டியவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறையில் பிறந்தவர் அவர். அலைச்சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று சந்தேகப்பட்டவரைப் போல இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னார். மாமனார் தலை குனிந்து அழுதுகொண்டே நீரை வார்த்தார்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி, இனிப் பொட்டை எடுத்துவிடலாமே என்று முணுமுணுத்தாள். "எம்பது வயசுக்கு மேல யாருக்குடி தெரிவிக்கணும்? இருந்துட்டுப் போவட்டும்" என்றார் பெரியத்தை.

அந்த வருட மழைக்காலத்தில் மாமனார் காலமானார். எனக்குத் திண்டிவனத்தில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே குடிபோனபோது பெரியத்தையும் எங்களோடு வந்தார். வேலை கிடைத்த பிறகும் நான் வரலாற்றுப் புத்தகங்களை விடவில்லை. தேர்வு பயம் இல்லாமல் மெதுவாகப் படிக்கிறேன். 'பலர்' என்ற சொல் வரும்போது நிறுத்திவிடுவேன். அந்தப் பலரில் ஒருவர் எங்கள் வீட்டைச் சேர்ந்தவர். ஆனால் கிளியனூர் வண்டிக்காரரை அந்தச் சொல்லுக்குள்ளும் சேர்க்க முடியாது. எந்தப் போரிலும் சாகாதவர், நெற்றியில் காயத்தோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர். அவர் அப்புறம் யாரையாவது கட்டிக்கொண்டாரா, எப்போது இறந்தார், எங்களுக்குத் தெரியாது.

ஒருமுறை பேருந்தில் பெரியத்தையோடு புதுச்சேரிக்குப் போகும்போது கிளியனூர் நிறுத்தம் வந்தது. கூட்டம் இறங்கி ஏறும்வரை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிந்து கேட்டேன். "அந்த வண்டிக்காரரு எப்படிப்பட்டவருங்க அத்தை?"

"அது எதுக்கு இப்ப உனக்கு?" என்றார்.

பேருந்து கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டியது. அவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"மாட்ட அடிக்கமாட்டாரு."